பொறுப்பு நாற்காலி

மயக்க மருத்துவர் பொற்கொடிக்கு அந்த ஆபரேஷன் தியேட்டரில் ஒரு நாற்காலி மட்டும்தான் மிச்சம். தொண்டையில் குழாய் இறக்குவதும் மூச்சு கொடுப்பதும் இயந்திரம். ஏதாவது விபரீதம் நடந்தால் கேஸ் மட்டும் அவள் மேல்.

வலது நுரையீரலில் கட்டியோடு வந்த லாரி டிரைவர் சம்மனசுவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ஆளைத் திருப்பினால் குழாய் நகரும்; உடனே சோதித்துப் பார்ப்பது அவளுடைய பழைய பழக்கம். இயந்திரமோ பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. சம்மனசுவின் உதடு நீலம் பாரித்தது. வலதை வெட்டும்போது மூச்சு முழுக்க இடது நுரையீரலில்தான்; குழாய் போவதும் அங்கேதான். இடது மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். மேல்பாதியில் மூச்சுச் சத்தமே இல்லை.

"குழாய் ஆழமாப் போயிருச்சு சார். கொஞ்சம் வெளிய இழுக்கணும்."

"மெஷின் சரின்னு சொல்லுதுல்ல? தொடாதீங்க மேடம். தொட்டா நீங்கதான் பொறுப்பு" என்றார் அறுவை மருத்துவர்.

"தொடாம இந்த ஆளு செத்தா மட்டும் யார் தலையில கட்டுவீங்க?"

குழாயைப் பிடித்திருந்த இயந்திரத்தின் கையைப் பிடுங்கி எறிந்தாள். குழாயைச் சற்றே இழுத்து, காற்றுப்பையைத் தன் கையாலேயே அமுக்கினாள். உதடு மெல்லச் சிவந்தது.

மறுநாள் இயந்திரத்தில் யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை. அவளுடைய நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளிலும் மணிக்கட்டைக் கட்டும் பட்டைகளைப் பொருத்தியிருந்தார்கள்.