இரண்டாவது முத்திரை

"இது உங்க அப்பா வச்ச முத்திரைதானா?"

ஆள்சேர்ப்பு அதிகாரி சகாகி தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

மினோரி தலையாட்டினாள். "ஆமா சார்."

சொல்லிவிட்டாள். இனி வருவது வரட்டும்.

கடல் தற்காப்புப் படையில் சேர வந்த பெண் அவள். உயரம் சரி, எடை சரி, கண் சரி, பல்கூடச் சரி. மிச்சம் இருந்தது இந்த ஒரு தாள்தான். இருபது வயது நிரம்பாதவர்கள் வீட்டுப் பெரியவரின் சம்மதத்தை முத்திரையோடு கொண்டுவர வேண்டும். ஜப்பானில் வெறும் கையெழுத்தை யார் மதிக்கிறார்கள்? முத்திரை விழுந்தால்தான் தாளுக்கு உயிர்.

வீட்டுப் பெரியவர் என்று அவளுக்கு இருப்பது அப்பா தெய்ஜி மட்டும்தான். அம்மா இறந்து பத்து வருஷமாகிறது.

சம்மதம் கேட்ட அன்று அப்பா சோற்றுக் கிண்ணத்தை நங்கென்று வைத்தார்.

"உன் சித்தப்பனும் இதே படைக்குத்தான் போனான். பத்தொம்பது வயசு. புயல்ல கப்பல்லேர்ந்து விழுந்தான், உடம்புகூடக் கிடைக்கல. கல்லறையில அவன் தொப்பியை வச்சோம். இன்னொரு தொப்பியை வைக்க என்னால முடியாது. அந்தத் தாளை என் கண்ணுல காட்டாதே!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் சூப் உறிஞ்சும் சத்தம் தவிர வேறு பேச்சில்லை.

அப்பாவின் முத்திரையை எடுக்கவும் வழியில்லை. தூங்கும்போதுகூட அது அவர் இடுப்புப் பையில் இருந்தது. கடையில் விற்கிற, குடும்பப் பெயர் பொறித்த மலிவு முத்திரையை வாங்கலாம் என்றால், தனாகா, சுசூகி மாதிரி ஊரெல்லாம் இருக்கிற பெயர்களுக்குத் தட்டு நிறைய இருக்கிறது. கமோஷிதா என்ற பெயருக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் குடும்பப் பெயர் வட்டாரத்திலேயே இவர்கள் இருவருக்குத்தான்.

கடைசியில் முத்திரை செதுக்கும் ஒகுனோவிடம் போனாள்.

"அப்பா முத்திரை தொலைஞ்சு போச்சு மாமா. அதே மாதிரி ஒண்ணு..."

"தொலைஞ்சு போச்சா? இன்னிக்குக் காலையிலதானேம்மா அதை அழுத்திப் பார்சல் வாங்கினான். பக்கத்துல நான்தான் நின்னேன்."

மினோரி அழுதுவிட்டாள். உண்மையைக் கொட்டினாள்.

ஒகுனோ வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"தாளைக் குடுத்துட்டுப் போ. ரெண்டு நாள் கழிச்சு வா. கள்ள முத்திரைன்னு தெரிஞ்சா எனக்கும் ஜெயில், உனக்கும் ஜெயில். யார் கேட்டாலும் என் பேர் வெளியில வரக் கூடாது."

சொன்னபடி புதன்கிழமை உறைக்குள் போட்டுக் கொடுத்தார். தாளில் இரண்டு முத்திரைகள் இருந்தன. முதலாவது மை அப்பி எழுத்தே தெரியவில்லை. பக்கத்தில் இன்னொன்று சுத்தமாக விழுந்திருந்தது. கிழவருக்குக் கண் போய்விட்டது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் இங்கே வந்தாள்.

இப்போது சகாகியின் விரல் அந்த அப்பிய முத்திரையின் மேல் வந்து நின்றது.

"இது ஏன் இப்படி ஆச்சு?"

"அது... அப்பாவுக்குக் கை நடுங்கிடுச்சு சார்."

"எப்ப வச்சார்?"

"ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுல."

"அப்படியா? சரி, அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

சகாகி தொலைபேசியின் மேல் கையை வைத்தார்.

கடலுக்குப் பயப்படாத பெண் அந்தத் தொலைபேசிக்குப் பயந்தாள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒகுனோ தலைகுனிந்து நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் அப்பாவின் முகம். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"வேண்டாம் சார்!" எழுந்தேவிட்டாள். "நான் சொன்னது பொய். அது அப்பா வச்சது இல்ல. கள்ள முத்திரை. செஞ்சவர் மேல தப்பில்ல, நான்தான் அழுது கேட்டேன். என்னை என்ன வேணா செய்யுங்க, அவரை விட்டுடுங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உடைஞ்சு போயிடுவார்."

சகாகி தொலைபேசியிலிருந்து கையை எடுத்தார்.

"உட்காரும்மா."

உட்கார்ந்தாள்.

"இதே நாற்காலியிலதான் செவ்வாய்க்கிழமை உங்க அப்பா உட்கார்ந்திருந்தார்."

மினோரிக்குக் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

"ஒகுனோன்னு ஒரு பெரியவர் இந்தத் தாளோட அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். உங்க அப்பா இடுப்புப் பையிலேர்ந்து முத்திரையை எடுத்தார். கை நடுங்குச்சு. நீ சொன்ன பொய்யில அது ஒண்ணு நிஜம். முதல் தடவை மை அப்பிடுச்சு. 'போன்னு என் வாயால சொல்ல வராது சார். தாளை ஒகுனோவே அவகிட்ட குடுக்கட்டும். நான் வந்ததைச் சொல்லாதீங்க'ன்னார். சொல்லக் கூடாதுதான். ஆனா கள்ள முத்திரையில வந்தோம்னு நினைச்சுக்கிட்டே நீ கப்பல் ஏறக் கூடாது."

மினோரி மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம், படையில சேர்றதுக்கான தகுதிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒரு வரி விடாம படிச்சார். உயரம், எடை, கண், பல், எல்லாம். படிச்சு முடிச்சிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார். 'சேர்ற பொண்ணோட அப்பன் பயப்படாதவனா இருக்கணும்னு இதுல எங்கேயாவது போட்டிருக்கா சார்?'னு."

சகாகி தாளை எடுத்துக் கோப்பில் வைத்தார்.

"'இல்லை'ன்னேன். அதுக்கப்புறம்தான் ரெண்டாவது தடவை அழுத்தினார்."