அஞ்சலிப் படம்

வாராவாரம் பைக்கில் மலையேறும் முன் டீக்கடை வாசலில் ஒவ்வொருவரும் வண்டிமேல் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் அதைத்தான் போட வேண்டும் என்பது அந்த நான்கு கிழவர்களின் ஏற்பாடு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாவதைக் கேவலம் என்பார்கள். அன்று டீ குடிக்கும்போது ஞானதுரையின் வலது கை நடுங்கி, பாதி டீ சட்டையில் கொட்டியது. பிரேக் பிடிக்கிற கை அது. மற்ற மூவரும் பார்த்தார்கள். அவர்களில் கோலப்பன் செல்போனை எடுத்து, "கூலிங் கிளாஸைக் கழட்டுடா, மூஞ்சி தெரியட்டும்" என்றார். ஞானதுரை சிரித்தார். படம் பிரமாதமாக வந்தது.

"நீங்களும் வந்து உக்காருங்கடா, வெயில் ஏறிடும்" என்றார் ஞானதுரை.

கோலப்பன் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எங்களுக்கு அடுத்த வாரம் எடுத்துக்கலாம். நீ முன்னால போ."