பைப்பில் ஒரு குழி

புகைபிடிக்கும் பைப்புகளை வேர்க்கட்டையில் கடைகிற பட்டறை அது. வேலை பழக வந்த மூன்றாம் மாதம், ஜெனிட்டா தேய்த்துக்கொண்டிருந்த பைப்பில் கடுகளவு குழி ஒன்று வெளிப்பட்டது. பயத்தில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தாள். சாயம் ஏறியதும் பைப் சிவந்தது. அடைத்த இடம் மட்டும் வெளுத்து நின்றது.

“இன்னைக்கு முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார்டி,” என்றாள், சாயம் பூசும் பர்வீனிடம்.

“பைப்புக்கு மச்சம்னு சொல்லிப் பாரேன். இன்னும் பத்து நாள் வச்சிருப்பார்.”

“விளையாடாத. பத்தவச்சா பசை வெந்து நாறும்.”

ஊசியால் பசையை நோண்டி எடுத்தாள். குழி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பக்கத்தில் உளிமுனையால் இன்னொரு குழி போட்டாள். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சாப்பாட்டை மறந்து கொத்தினாள். பைப் முழுக்கப் பலாத்தோல் மாதிரி ஆனபோதுதான் உளியைக் கீழே வைத்தாள். பர்வீன் மறுபடி சாயம் பூசிக் கொடுத்தாள்.

முதலாளி வர்கீஸ் அதை எடுத்துக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

“வழவழன்னுதானே கேட்டேன். ஏன் கொத்தின?”

“ஒரு குழி இருந்துச்சு சார். அடைச்சு மறைக்கப் பார்த்தேன்.”

“எது, காட்டு.”

சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கே அகப்படவில்லை.

“தேடி வை,” என்று அடுத்த வேர்க்கட்டையை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.