காலணிகள் ஆடிய ஆட்டம்

எடின்பரோ அரங்கில் இளைஞர்கள் பழைய ஸ்காட்லாந்து மெட்டொன்றைப் பேக்பைப்பிலும் புது டிரம்மிலும் வாசிக்கத் தொடங்கியதும், அங்கே கொடுத்த, தாமாகவே ஆடும் வாடகைக் காலணிகள் எல்லோரையும் பிசகில்லாமல் ஆடவைத்தன. சுற்றுக்குச் சுற்று ஜோடி மாறும் நடனம் அது.

“நறுமுகை, நாளைக்கு நீ சென்னைக்குக் கிளம்புறதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்...” என்று செழியன் ஆரம்பித்தான். அதற்குள் காலணிகள் அவளை ஒரு வழுக்கைத் தலையரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன.

அவள் திரும்பி வந்ததும், “என்னை நீ...” என்றான். இந்த முறை காலணிகள் அவனை இழுத்துக்கொண்டு போயின.

அடுத்த சுற்றில் நறுமுகை காலணிகளைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள்.

“நீங்களும் கழட்டுங்க சார். உங்க ஷூவுக்கு இருக்கிற அவசரம் உங்களுக்கு இல்லையே!”

கழற்றினான். பாட்டு நிற்கவில்லை. அவள் கையைப் பிடித்து ஓரடி வைத்தான். அது நேராக அவள் கால்விரல்மேல் விழுந்தது.

“ஐயோ! சரி, உங்களையே கட்டிக்கிறேன். முதல்ல காலை எடுங்க!”