நாலரை நிமிடத் தலையணை உறை

“அக்கா, ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், கொஞ்சம் வேகமாத் தைங்க!”

அடுத்த மெஷினில் இருந்த சுவர்ணா முணுமுணுத்தாள். பியட்றிஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலையணை உறையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். கல்யாணப் பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுவதுபோல அத்தனை நிதானம்.

பின்னால் மனேஜர் விவேகானந்தன் கைபேசியில் நேரம் பிடித்தபடி நின்றார். கலகெதர கார்மெண்ட் தொழிற்சாலைக்கு ஒரு ஹோட்டலிலிருந்து வந்த புது ஓடர் அது. நான்கு பக்கமும் பட்டி வைத்த புது மாதிரி; ஒன்றைத் தைக்க எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: மூன்று நிமிடத்துக்குள் முடிந்தால் வேலை இந்த லைனுக்கு. இல்லாவிட்டால் வெளியே போகும். லைனில் உள்ள பன்னிரண்டு பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதனால்தான் பன்னிரண்டு பேரிலும் கைவேகம் கூடிய பியட்றிஸை உட்காரவைத்தார்கள். அவளோ ஆமைக்கு அக்காவாகிவிட்டாள்.

“நாலரை நிமிசம்!” விவேகானந்தனின் முகம் சுருங்கியது. “என்ன பியட்றிஸ், இதைவிடக் கெதியாத் தைக்கேலாதோ?”

“துணி தடிப்பு சார். நாலு மூலையும் நேரா நிக்கணும்ல. இதுக்குக் கீழ யாராலயும் முடியாது.”

“மூண்டு வருசத்தில கூலி ரெண்டு மடங்காப் போச்சு. நாலரை நிமிசத்துக்குச் சம்பளமும் தந்து, பஸ்ஸும் விட்டு, ஈபிஎஃப் சேமலாப நிதியும் கட்ட எனக்குக் கட்டுப்படியாகாது. வெளியில எண்டா நேரத்துக்குரிய கூலியோட முடிஞ்சுது.”

“அப்ப வெளியிலயே குடுத்துருங்க சார்.”

சுவர்ணாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்றப் பெண்கள் பியட்றிஸை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள்.

விவேகானந்தன் அங்கேயே நின்று, கடுகண்ணாவையில் புதிதாகத் தையற்கூடம் தொடங்கி, வேலை கேட்டு வந்துபோயிருந்த ரொனி என்பவரை அழைத்தார். “ஓம், உறை ஒண்டுக்கு நாலரை நிமிசக் கூலி. ஒரு வருசத்துக்கு ஒப்பந்தம். சம்மதமோ? நல்லம், இண்டைக்கே வந்து கையெழுத்து வையும்.”

மாலையில் கேட்டைத் தாண்டியதும் சுவர்ணா வெடித்தாள்.

“மனசாட்சி இருக்கா ஒங்களுக்கு? என் சம்பளத்த நம்பி வீட்டுல அஞ்சு பேர் இருக்காங்க. அந்த உறைய நீங்க ரெண்டு நிமிஷத்துல தைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?”

“ரெண்டு நிமிஷம்கூட ஆகாது,” என்றாள் பியட்றிஸ் சாவகாசமாக. “அழாத, மூக்கத் தொடச்சுக்க. திங்கக்கிழமை பன்னெண்டு பேரும் கடுகண்ணாவைக்கு வந்துருங்க. மெஷினெல்லாம் போட்டாச்சு.”

“யாரோ ஒரு ரொனி எங்களுக்கு எதுக்கு வேலை குடுக்கணும்?”

“ரொனி என் தம்பி. அந்த எடம் என்னோடது.”

சுவர்ணா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடவில்லை.

“அங்க ஈபிஎஃப் கட்டுவீங்களாக்கா?”

“கட்டாம? அதுக்கும் சேத்துத்தானேடி அவ்வளவு மெதுவாத் தைச்சேன்!”