பிடி அரிசி

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன், குளித்தேன், வெள்ளைச் சட்டை போட்டேன். அடுப்படியில் காணிக்கை டின்னைத் திறந்தேன். என் மனைவி பியூலா உலை வைக்கும்போதெல்லாம் சர்ச்சுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்து இதில் போட்டுவைப்பாள். அவள் இறந்தபின் இந்த வீட்டில் யாரும் சமைக்கவில்லை. நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். இந்த வாரமும் டின் நிறைந்திருந்தது. அவள் இருந்தபோது வாங்கிய மூட்டையில் அந்த அளவுக்கு அரிசி இறங்கியிருந்தது.

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் ஞானசெல்வம் அக்கா ஒவ்வொரு வீட்டு அரிசியாக எடை போட்டார். பெயரும் எடையும் எழுதுவது என் வேலை. என் பையைத் தூக்கியவுடன் சிரித்தார்.

"ஒத்த ஆளு வீட்டுல இவ்வளவா? கர்த்தருக்குக் குடுத்துட்டு நீ பட்டினி கெடக்கியா தம்பி?"

"சேர்த்து வச்சதுக்கா."

கையில் அள்ளிப் பார்த்தார். "ஒரு கல்லு இல்ல, நெல்லு இல்ல. ஆம்பள பொறுக்குன அரிசியா இது?" சிரிப்பு நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல ஏதாவது நடமாட்டம் இருந்தா சொல்லு தம்பி. பாஸ்டரைக் கூட்டிட்டு வந்து ஜெபம் பண்ணுனா போயிரும்."

போய்விடும் என்பதுதான் என் பயம்.

"கடையிலேயே சுத்தம் பண்ணித் தாராங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அந்த அரிசிக்கு நேராக என் பெயரை எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது பியூலா தலையைத் திருப்பிக் கடைசியாகச் சொன்னாள்: "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பின்னாலேயே வாரேன்."