கண்ணாடியில் மூன்று பொட்டு

“இன்னாமா இது, வீடியோ பெட்டியா, புள்ளையார் செலையா?” என்று கேட்டபடியே கண்ணாயிரம் கைக்குட்டையை எடுத்தார். விண்வெளிச் சண்டை ஆடும் அந்த வீடியோ கேம் பெட்டியின் கண்ணாடியில் இருந்த மூன்று குங்குமப் பொட்டும் ஒரே இழுப்பில் காணாமல் போயின.

தங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. தேரடி வீதியில் இருக்கும் அந்தக் கடையைத் தினமும் காலையில் திறந்து, பெருக்கி, பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைப்பவள் அவள்தான். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று சாய்வாக வைப்பாள். பொட்டைக்கூட நேராக வைக்கத் தெரியவில்லை என்று காலேஜ் பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஆனாலும் ஒருவனும் அதை அழித்ததில்லை. சாமி சமாச்சாரம் என்றால் அவர்களுக்கும் பயம்தான்.

“அழிச்சிட்டீங்களே சார்” என்றாள்.

“பெட்டி என்னுது, கண்ணாடியும் என்னுது. இன்னிக்கு வேலூருக்கு ஏத்திக்கினு போறேன்” என்றார் கண்ணாயிரம். ஊர் ஊராக வீடியோ பெட்டி வாடகைக்கு விடுகிறவர் அவர். “இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ஆடத் தெரியல. மூணாவது ரவுண்டுலயே எல்லாரும் காலி, அப்புறம் எவனும் திரும்பக் காசு போடறதில்ல. மலைய சுத்தற ஊர்ல ராக்கெட்டக் கொண்டாந்து வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

கடைக்காரர் அருணகிரியின் முகம் சுண்டிப்போனது. கடையில் இருப்பதே அந்த ஒரு பெட்டிதான். அது போனால் கடை இல்லை, கடை போனால் தங்கம்மாளுக்கு வேலையும் இல்லை.

“யாரு சொன்னது ஆள் இல்லன்னு?” என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான் முருகையன். காலேஜ் பையன்களில் அவன்தான் சூரன். “காலைல பத்து மணிக்கு வந்தா, மேல இருபத்தாறாயிரம்னு ஒரு ஸ்கோர் நிக்கும். கம்பெனியிலயே போட்டு அனுப்பினதாம். அதைத்தவிர இங்க எல்லாத்தையும் நான் தாண்டிட்டேன்.”

கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். “பாத்துக்க. ஒரு வாட்டி அணைச்சா எல்லாமே சைபர்தான். இப்ப நான் ஆடறேன். என்னைத் தாண்டினா பெட்டி இங்கியே இருக்கட்டும்.”

“அப்ப அந்த இருபத்தாறாயிரம்?” என்றான் முருகையன். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

கண்ணாயிரம் நன்றாகவே ஆடினார். வரிசை வரிசையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இறங்கிய எதிரிக் கப்பல்களைத் துரத்தித் துரத்திச் சுட்டார். பதினெட்டாயிரத்தில் அவர் கப்பல் வெடித்தது.

அடுத்து முருகையன். பொத்தானை இடி இடியென்று இடித்தான். குண்டு மேலே போய்ச் சேருவதற்குள் எதிரி நகர்ந்துவிட, பாதிக் குண்டு வெறும் ஆகாயத்துக்குப் போனது. பதினோராயிரத்தில் ஆட்டம் முடிந்தது.

“பொட்டை அழிச்சீங்கல்ல, அந்தத் தோஷம்தான்” என்றான் வியர்வையைத் துடைத்தபடி. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்து வாசலில் வேடிக்கை பார்த்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

“கயித்தை எடுங்கடா” என்றார் கண்ணாயிரம், பெட்டியை ஏற்ற வந்திருந்த ஆட்களிடம்.

தங்கம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். “கயிறெல்லாம் அப்புறம். ஊர்ல இன்னும் ஆள் இருக்கு.”

“எங்க?”

“உங்க எதுருலதான் நிக்கறேன்.”

“பொம்பளைக்கு இன்னாமா சண்டை?”

“ஏன், பொம்பளை சுட்டா குண்டு மேல போவாதா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அருணகிரி மட்டும் சிரிக்கவில்லை. “தங்கம்மா, உனக்கு ஆடத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெனமும் நீங்க வர்றதுக்குள்ள அந்த இருபத்தாறாயிரம் தானாவா வந்து குந்திக்குது?” என்றாள். ஒரு வருஷமாக மறைத்து வைத்திருந்ததைப் போட்டு உடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லை. கோபம்தான் இருந்தது.

அலமாரியில் இருந்த குங்குமச் சிமிழை எடுத்தாள். பழையபடி சாய்வாக மூன்று பொட்டு வைத்தாள். பெட்டிமுன் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, நடுப் பொட்டை மட்டும் அழித்து அரை விரல் தள்ளி வைத்தாள்.

“சாமியைக் கூப்ட்டு முடிச்சிட்டியா? ஆடு” என்றார் கண்ணாயிரம்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தங்கம்மாள் ஆடினாள். எதிரியைத் துரத்தவே இல்லை. கப்பலை ஒரு மூலையில் நிறுத்தி வைத்துக் காத்திருந்தாள். ஒரு தட்டு, ஒரு கப்பல் காலி. மறுபடி காத்திருந்தாள். மறுபடி ஒரு தட்டு. ஒரு குண்டுகூட வீணாகவில்லை.

மூன்றாவது ரவுண்டு போனது. ஐந்தாவதும் போனது. பதினெட்டாயிரத்தைத் தாண்டியபோது வாசலில் இருந்தவர்கள் “அண்ணாமலையானுக்கு அரோகரா!” என்று கத்தினார்கள். இருபத்தேழாயிரத்தில்தான் அவள் கையை எடுத்தாள்.

அருணகிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாயிரம் கயிற்றைச் சுருட்டி வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

“தப்புதாம்மா. தெரியாம அழிச்சிட்டேன். உன் சாமிக்கு சக்தி ஜாஸ்தி” என்றவர், பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கையை நீட்டினார்.

தங்கம்மாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“சாமிக்கு யாரு வெச்சா? எதிரி அங்க வந்ததும் சுடணும்னு நான் வெச்ச அடையாளம் சார் அது!”